சில்வண்டு வராத வருசம்

19.04.2001, விசுவமடு

வருசப்பிறப்பு முடிந்தும் ஊர் இன்னும் சோம்பல் முறித்துக்கொண்டிருக்கிறது. றேடியோ திருத்தவென்று ஒருத்தரும் என் கொட்டில் பக்கம் வரவில்லை. மத்தியானம் கதிரையிலேயே கண் சொருகிவிட்டது. படலைக்கு வெளியே வெயில் தண்ணீர் மாதிரி ஆடியது. அதற்குள்ளால் இரண்டு மாடுகள் கால் இல்லாமல் மிதந்து போயின. வெக்கையே ஒரு இரைச்சலாய்க் காதுக்குள் நின்றது. அது நித்திரையா முழிப்பா என்று எனக்கே தெரியாது.

இவர் வயலால் வந்து, கால் கழுவி, சாப்பிட்டு, கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் இருந்தார். மண்வெட்டி பிடிக்கிற கை அந்தக் கம்பியைத் தொட்டால் ஆளே வேறு. கலியாணம் கட்டின நாள்முதலாய்ப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. (இதை இவரிடம் சொல்லமாட்டேன். சொன்னால் பிறகு பிடிக்க ஏலாது.)

"பிரேமி, இந்த வருசமும் சில்வண்டு வரேல்லை என்ன?" என்றார். "ஷெல்லுக்குப் பயந்து காட்டை விட்டே போட்டுதுகள் போல."

நான் எழும்பி ஒரு றேடியோவின் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்தேன். "ஓம், ஓம்" என்றேன். மற்ற வீட்டு ஆம்பிளைகள் மாட்டையும் மழையையும் பற்றிக் கதைப்பார்கள். என்னுடைய ரூபன் சில்வண்டைப் பற்றிக் கதைப்பார்.

பிறகு வழக்கமான கேள்வி. "அலைப்பெட்டி எப்ப முடியும்?"

அது இவருடைய ஆசை. குளத்துத் தண்ணீரில் நிலா ஆடுகிற மாதிரி கிற்றார்ச் சத்தம் ஆட வேண்டுமாம். எங்கோ ஒரு தூரத்து றேடியோ நிலையத்தில் கேட்டிருக்கிறார். வைகாசியில் பிள்ளையார் கோயில் பொங்கலுக்கு ஐயாத்துரை அண்ணையின் குழு பாடுகிறது, அதற்குள் வேண்டும். பார்ப்போம் என்றேன். 'பார்ப்போம்' என்றால் செய்வேன் என்று இவருக்குத் தெரியும்.

24.04.2001

அலைப்பெட்டி இன்று வாய் திறந்தது.

உள்ளே ஒரு சின்னச் சுற்று, தொட்டில் மாதிரி ஆறுதலாய்ப் போய்வரும். அது போகும்போது கிற்றார்ச் சத்தம் கூடும், வரும்போது குறையும். அவ்வளவுதான். சிரட்டைக்கரியில் அயன்கோலைச் சூடாக்கி ஈயம் பத்தவைத்ததில் கையெல்லாம் கரி.

சத்தம் நன்றாய் ஆடியது. ஆனால் கூடவே ஒன்று: டிக்... டிக்... டிக்...

வேலிக்கு மேலால் இராசேஸ்வரி அக்கா எட்டிப் பார்த்தா. பக்கத்து வீடு, யாழ்ப்பாணத்தால் வந்து குடியேறினவர்கள். காதும் வாயும் அவாவுக்கு ஒரே அளவு. "என்னடி பிள்ளை, உள்ளுக்கை ஏதும் வெடிக்கிற சாமானோ? சொல்லிப்போட்டு வெடிக்க வையுங்கோ, நான் உடுப்பை எடுத்துப்போடுறன்."

27.04.2001

டிக் போய்விட்டது! எழுதிவைக்கிறேன், இல்லாவிட்டால் மறந்துபோவேன்.

இரண்டு வயலுக்கு ஒரே வாய்க்கால். மேல்வயல்காரன் சடாரென்று வரம்பை வெட்டித் திறந்தால் கீழ்வயலில் தண்ணீர் ஒருமுறை இறங்கி ஏறும். என் பெட்டிக்குள்ளும் அதே வழக்குத்தான். ஆட்டுகிற சுற்றும் கிற்றார்ச் சுற்றும் ஒரே எர்த் வயரில் தொங்கின. அது திரும்புகிற ஒவ்வொரு முறையும் இது துள்ளியது. இப்போது இரண்டுக்கும் வேறு வேறு வயர், பற்றரியின் வாயில் மட்டும் சந்திக்கிற மாதிரி. பக்கத்தில் ஒரு பெரிய கொண்டென்சர், அது சின்னக் குளம். அந்தச் சுற்றையும் சடாரென்று திரும்பாமல் உருண்டு திரும்ப வைத்தேன்.

இவர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். வெளியே குளம் எந்தப் பக்கம் என்றே மறந்துபோனது, வீட்டுக்குள்ளேயே தண்ணீர் நின்றது மாதிரி இருந்தது. நான் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டேன். சோறு அடிப்பிடித்தது.

03.05.2001

இவ்வளவு நாளும் திருத்த வந்த ஒரு றேடியோவின் பற்றரிகளில் பெட்டியை ஓட்டினேன், அது சொந்தக்காரரிடம் போய்விட்டது. இனிப் பற்றரிக்கு எங்கே போவது? பெட்டி கேட்கிறது ஒன்பது வோல்ற். அந்தச் சதுரப் பற்றரியை நான் கடைசியாய்க் கண்டது கிளிநொச்சி றேடியோக் கடையில் வேலை செய்தபோது. இப்போது பற்றரி தடை. ஆமிச் சோதனைச்சாவடியால் ஒன்றுகூட உள்ளே வராது. ஐயாத்துரை அண்ணையின் அம்பிளிபயருக்கு ஒரு லொறிப் பற்றரி இருக்கிறது. அதில் கை வைத்தால் கையை வெட்டுவார்.

வீட்டில் இருப்பவை இரண்டு ரோச் பற்றரி. ஆணியால் துளைத்து உப்புத்தண்ணீர் விட்டு, வெயிலில் காயவைத்து, காயவைத்து, வற்றல் மாதிரி ஆகிவிட்டன. மூன்று வோல்ற்றுக்கு மேல் தராது.

மூன்றை ஒன்பதாக்கலாம். உடைந்த றேடியோ ஒன்றின் கறுப்பு வளையத்தில் கம்பி சுற்றி, ஒரு ட்ரான்சிஸ்ரர் வைத்து, கரண்டை வேகமாய் வெட்டி வெட்டி விட்டால் ஏறும். செய்யலாம்.

11.05.2001

ஊளை.

12.05.2001

நேற்றுக் கோபத்தில் ஒரு சொல்லோடு மூடிவிட்டேன். ஒன்பது வோல்ற் வந்தது, வந்ததோடு ஒரு ஊளையும் வந்தது. ஸ்பீக்கருக்குள் நுளம்பு ஒன்று குடிவந்த மாதிரி. வெட்டி வெட்டி விடுகிற அந்தச் சுற்று தன் வேகத்திலேயே பாடுகிறது. கிற்றார் ஓய்ந்தாலும் ஓயாது.

ஒரு கனவு கண்டேன். வளையத்துக்குள்ளால் ஊரே வரிசையாய்ப் போகிறது, ஒவ்வொருவரும் போகும்போது 'ஙீ' என்கிறார்கள். இராசேஸ்வரி அக்கா மட்டும் இரண்டுமுறை போனா.

22.05.2001

ஊளைச் சுற்றைக் கிற்றார் வயருக்கு எட்டத் தள்ளி வைத்தேன். கொஞ்சம் குறைந்தது. பால்மா ரின் ஒன்றை வெட்டி அதற்குள் பூட்டி, ரின்னை எர்த்தில் கட்டினேன். இன்னும் குறைந்தது. ஆனால் சாகவில்லை.

சாகாததைத் துரத்தத்தான் வேண்டும். கம்பிச் சுற்றைக் குறைக்கக் குறைக்க ஊளை மெலிந்து மெலிந்து மேலே போகும். மனுசக் காதுக்கு எட்டாத உயரத்துக்கு அனுப்பிவிட்டால் அது அங்கே தன்பாட்டில் பாடிக்கொண்டிருக்கட்டும், ஆருக்கு நட்டம்?

அப்படி ஒரு இடம் இருக்கிறதை நினைக்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. எங்கள் தலைக்கு மேலே, ஒருவருக்கும் கேட்காத சத்தங்கள் எல்லாம் போய் இருக்கிற ஒரு ஊர். கிபிர் பிளேனும் ஷெல்லும் அங்கே குடிபோனால் எவ்வளவு நல்லது.

31.05.2001

தடிமன். மூக்கும் காதும் பஞ்சு வைத்தது மாதிரி. என் குரலே எனக்குக் கிணற்றுக்குள் கேட்கிறது. பொங்கலுக்கு ஒரு கிழமைதான் இருக்கிறது.

"நீர் கம்பியைக் கழட்டும், நான் கேக்கிறன்" என்றார் இவர். "என்ரை காது பாட்டுக்காரன்ரை காது."

அதுவும் சரிதான். நான் ஒவ்வொரு சுற்றாய்க் கழற்றினேன். "கேக்குதோ?" "ஓம்." இன்னொன்று. "கேக்குதோ?" "மெல்லிசா." இன்னொன்று. இவர் தலையைச் சரித்து, கண்ணைச் சுருக்கி... பிறகு முகம் மலர்ந்தது. "போட்டுது பிரேமி. சுத்தமாப் போட்டுது."

இனிக் கழற்றினால் வோல்ற்று விழும் என்ற பயமும் இருந்தது. அதோடு நிறுத்தி ரின்னை மூடி ஈயம் வைத்துவிட்டேன். பற்றரி சாகக்கூடாது, இனிக் கோயிலில்தான் திறப்பது. இவர் என்னைத் தூக்கிச் சுற்றினார். தடிமன்காரியை இப்படிச் சுற்றினால் என்ன ஆகும்? கொட்டில் சுற்றியது, வேம்பு சுற்றியது, சிரிப்பு வந்தது, இருமலும் வந்தது.

08.06.2001

எழுத மனமில்லை. எழுதாமல் இருக்கவும் ஏலாது.

பொங்கல். வெளிச்சம் போட ஏலாது, பிளேனுக்குத் தெரியும். அதாலை பொழுதுபட முதல் முடிக்கிறதெண்டு நாலு மணிக்கே தொடங்கினம். சனம் நல்ல சனம். ஐயாத்துரை அண்ணை ரெண்டு பாட்டுப் பாடினார், மூண்டாவது பாட்டுக்கு இவர் பெட்டியைத் திறந்தார். நான் பொங்கல் பானையளுக்குப் பக்கத்திலை நிண்டனான். தடிமன் விட்டுட்டுது.

கேட்டுது. அந்தப் பெரிய ஒலிபெருக்கியாலை, ஊசி மாதிரி, மேலையிருந்து வாற மாதிரி. ஙீ... எண்டு. எனக்கு விளங்கிட்டுது. வாயைத் திறக்க முதல் ஒரு பொடிச்சி "வண்டு!" எண்டு கத்தினாள். எங்கடை சனத்துக்கு வண்டு எண்டா வேவு பார்க்கிற ஆளில்லாப் பிளேன், அதுக்குப் பின்னாலை குண்டு போடக் கிபிர் வரும். வண்டோ கிபிரோ எண்டு ஆர் நிண்டு யோசிக்கிறது? பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு பங்கர்க் குழிக்கும் வாய்க்காலுக்கும் சனம் பாய்ஞ்சுது. பானை உருண்டுது. பால் மண்ணிலை. இராசேஸ்வரி அக்கா கால் மடங்கி விழுந்தா. ஐயாத்துரை அண்ணை மைக்கை விட்டுட்டு மரத்துக்குப் பின்னாலை.

இவர் வாசிச்சுக்கொண்டே இருந்தார். கண் மூடி. முகத்திலை ஒரு சிரிப்பு. அவ்வளவு பெரிய வெளியிலை ஒருத்தரும் இல்லை, அந்த ஊசிச் சத்தமும் இவரின்ரை அலையும் மட்டும். நான் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினன்.

கண்ணைத் திறந்து வெறும் வெளியைப் பார்த்தார். "எல்லாரும் எங்கை? நான் அவ்வளவு மோசமாவோ வாசிச்சனான்?"

இவருக்குக் கேக்கேல்லை. கடவுளே, இவருக்கு அது கேக்கவே இல்லை.

09.06.2001

ஒருவரும் சாகவில்லை, பெரிய காயமும் இல்லை. இராசேஸ்வரி அக்காவின் கால் வீங்கியிருக்கிறது. எண்ணெய் பூசிவிடப் போனேன். "நான் இப்பிடி ஓடுவன் எண்டு எனக்கே தெரியாதடி" என்று சிரித்தா. அவா திட்டியிருந்தால்கூட அந்தச் சிரிப்பை விட நன்றாய் இருந்திருக்கும்.

ஐயாத்துரை அண்ணை வந்தார், கதிரையில் இருக்கவில்லை. "தம்பி, உன்ரை கையிலை ஒரு குறையும் இல்லை. ஆனா அந்தப் பெட்டியோடை இனி மேடைக்கு வராதை. சனம் பாட்டுக் கேக்க வாறதே நெஞ்சு படபடப்பை மறக்கத்தான்."

அவர் போனபின் இவர் கேட்டார். "நான் கேக்கேக்கை இருக்கேல்லையே. எப்பிடி வந்தது?"

"பற்றரி இறங்க ஊளையும் கீழை இறங்கியிருக்கும்" என்றேன். பொய் வாய் கூசாமல் வந்தது.

17.06.2001

நிச்சயமாய்த் தெரிய வேண்டும் என்று செய்தேன். செய்யாமல் இருந்திருக்கலாம்.

மத்தியானம். இவர் பாயில் கண்மூடிக் கிடந்தார். நான் வேலை செய்கிற மாதிரி ஊளைச் சுற்றைத் திறந்து, ஒரு திருகி வைத்துக் கீழேயிருந்து தொடங்கினேன். "அந்த ஊளை வருது" என்று நெற்றியைச் சுருக்கினார். திருகினேன், மெல்ல மெல்ல. ஒரு இடத்தில் நெற்றிச் சுருக்கம் விட்டது.

"அப்பாடா" என்றார். "எவ்வளவு அமைதி."

எனக்கு அது பல்லுக்குள் கூசிக்கொண்டிருந்தது. இன்னும் திருகினேன், இன்னும். எனக்கு எட்டாமல் போக எவ்வளவோ தூரம் இருந்தது. இவர் எப்போதோ அமைதிக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் வெளியே கேட்டது. வேம்பில், வேலியில், குளத்தங்காடு முழுக்க, காதைப் பிய்க்கிற மாதிரி. ஏப்பிரலிலும் இருந்தது. போன வருசமும் இருந்தது. வெக்கையின் இரைச்சல் என்று எழுதினேனே, விசரி.

"சில்வண்டெல்லாம் எங்கை போயிருக்கும், பிரேமி?" என்று நித்திரைக் குரலில் கேட்டார்.

தொண்ணூற்றாறில் கிளிநொச்சியில் மதகுக்குக் கீழே படுத்திருந்தபோது பக்கத்தில் ஷெல் விழுந்து, கொஞ்ச நாள் காது அடைத்துப்போய், பிறகு சரி என்றவர். சரியாகவில்லை. உச்சியை மட்டும் யாரோ அரிவாளால் அரிந்துகொண்டு போயிருக்கிறார்கள், இவருக்கு வெட்டினதே தெரியாது.

நான் குசினிக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

18.06.2001

சொல்லவில்லை.

26.06.2001

சொல்லவில்லை. இன்று முழுக்கச் சைக்கிள் மணிகளைக் கவனித்தேன். பின்னால் யாரும் மணி அடித்தால் இவர் விலகுவதில்லை. இதுவரை திமிர் என்று நினைத்திருந்தேன். எத்தனை தரம் ஏசியிருக்கிறேன்.

05.07.2001

இவரே கேட்டார். குளத்துக் கட்டில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தோம். தண்ணீர் வற்றி, நடுவில் ஒரு கண்ணாடித் துண்டு மாதிரி. கொக்குகள் அதில் இரண்டு இரண்டாய் நின்றன.

"நீர் இப்ப என்னட்டைக் கேக்கிறேல்லை."

"என்னத்தை?"

"'கேக்குதோ?' எண்டு. முந்தி ஒரு கம்பி ஆடினாலும் கேப்பீர்." கொஞ்சத் தூரம் நடந்தார். "பழுது பெட்டிக்கோ எனக்கோ?"

பொய் ஒன்று நாக்கு நுனியில் இருந்தது. வெளியே வர மறுத்தது. "உங்களுக்கு" என்றேன்.

"முழுக்கவோ?"

"இல்லையப்பா. மேல் நுனி மட்டும். ஆக்கள் கதைக்கிறது கேக்கும், பாட்டுக் கேக்கும்."

"அப்ப சில்வண்டு?"

"இருக்குதுகள்" என்றேன். "ஒரு வருசமும் போகேல்லை. இப்பவும் கத்துதுகள்."

நின்றார். காட்டைப் பார்த்தார். நான்கு பக்கமும் அது கத்திக்கொண்டிருந்தது, இவர் அதற்கு நடுவில் ஒன்றும் கேளாமல், கேட்க முயன்றுகொண்டு. பிறகு சிரித்தார். "அஞ்சு வருசமா அதுகளைப் பாவம் எண்டு நினைச்சன்."

சைக்கிளில் ஏறாமல் வீடு வரைக்கும் உருட்டிக்கொண்டே வந்தார்.

06.07.2001

கிற்றாரை உரச் சாக்குக்குள் போட்டுக் கட்டிக் கூரை வளையில் தொங்கவிட்டார்.

"ஏன்?" என்றேன்.

"நான் வாசிக்கிறதிலை எது எனக்குக் கேக்கேல்லை எண்டு எனக்கே தெரியாது. பிறகு எப்பிடி வாசிக்கிறது? சனம் ஓடினாலும் தெரியாது."

நான் அலைப்பெட்டியைத் தூக்கி மேசைக்குக் கீழே தள்ளினேன்.

15.07.2001

சும்மா இருக்க ஏலாமல் பெட்டியைத் திருத்தினேன். கம்பிச் சுற்றை இன்னும் குறைத்து, வேறு ட்ரான்சிஸ்ரர் மாற்றி, ஊளையை எனக்கும் எட்டாத இடத்துக்கு அனுப்பினேன். இராசேஸ்வரி அக்காவை நொண்டின காலோடு கூட்டிவந்து கேட்க வைத்தேன். "ஒண்டும் இல்லையடி, செத்த வீடு மாதிரிக் கிடக்கு." பற்றரி இறங்கினாலும் கீழே வராது, அதையும் பார்த்தேன்.

முடிந்தது. யாருக்கு? சாக்கு வளையில் ஆடுகிறது.

29.07.2001

செய்திக்குப் பக்கத்து வீடெல்லாம் எங்கள் கொட்டிலில். என் மேசையில் ஊளைச் சுற்று ரின்னுக்குள் பூட்டாமல் ஓடிக்கொண்டு கிடந்தது, மறந்துபோனேன். நிலையத்தைப் பிடிக்க முள்ளைத் திருப்பும்போது றேடியோ ஊய்ங் என்று விசிலடித்து, மேலேயிருந்து சறுக்கிக் கீழே வந்து, தடித்து, மறைந்து, மறுபடி ஏறியது. எல்லாரும் என்னைத் திட்டினார்கள். ஊளைச் சுற்றின் பற்றரி வயரைக் கழற்றினேன். விசில் நின்றது.

இது எனக்குத் தெரிந்ததுதான். காதுக்கு எட்டாத இரண்டு ஊளை ஒன்றோடொன்று மோதினால், இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரமோ அது ஒரு சத்தமாய்க் கீழே வந்து விழும். கிளிநொச்சிக் கடையில் இதைத் தொல்லை என்று சொல்லித்தான் துரத்துவோம்.

செய்தி என்ன சொன்னது என்று எனக்குத் தெரியாது. நான் வேம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலே இருக்கிற ஒன்றைக் கீழே இறக்கலாம்.

05.08.2001

இவ்வளவு நாளும் ஊளையைக் கிற்றாரிடம் அண்டவிடாமல் வயரைப் பிரித்தேன், ரின்னில் பூட்டினேன், உச்சிக்கு விரட்டினேன். இப்போது கையாலே கூட்டிவந்து நடுவீட்டில் இருத்துகிறேன். பழைய சாமான்களில் இன்னொரு அலைப்பெட்டி செய்தேன். அதில் ஆறுதலாய் ஆடுகிற சுற்றுக்குப் பதிலாக ஊளைச் சுற்று. அதன் வேகத்தைத் திருகியால் சில்வண்டின் பக்கத்துக்குக் கொண்டுவரலாம், இரண்டும் மோதினால் இடைத்தூரம் இவருக்குக் கேட்கிற சத்தமாய்க் கீழே விழும். கிற்றாருக்குப் பதிலாக ஒரு சின்ன மைக். ஸ்பீக்கருக்குப் பதிலாக வோக்மன் காதுப்பொறி.

ஒரு குறை: ஊளையும் கூடவே ஒழுகி வரும். எனக்குப் பல் கூசும். ஆனால் இவருக்கு அது கேட்காது. கேட்காமல் போனதால் ஒரு நல்லது.

12.08.2001

மேசையில் சரியாய்ச் செய்கிறது. இவரிடம் சொல்லப் பயமாய் இருக்கிறது. வந்து எட்டிப் பார்த்து, "என்ன, இப்ப எனக்கு வைத்தியமோ?" என்றார். குரலில் முள். "ஓம், வைத்தியம்தான், காசு தாங்கோ" என்றேன். சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. இது நடக்காவிட்டால் அந்தச் சாக்கை இனி யாரும் அவிழ்க்கப்போவதில்லை.

19.08.2001

குளத்துக் கட்டுக்கு அப்பால் பெரிய பாலைமரத்தடி. உச்சி வெயில். நான் கெஞ்சவில்லை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். மரம் முழுக்கச் சத்தம். எனக்குத் தலை கிறுகிறுத்தது. காதுப்பொறியை இவர் காதில் வைத்து, மைக்கை மேலே பிடித்து, திருகியை மெல்லத் திருப்பினேன்.

ஒன்றுமில்லை. இவர் என்னைப் பாவம் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் திருப்பினேன்.

இவர் வாய் மெதுவாய்த் திறந்தது.

"ஆரோ விசிலடிக்கினம்" என்றார். "நிறையப் பேர். நிறைய... நிறையப் பேர், பிரேமி."

"அதுகளின்ரை உண்மையான சத்தம் இல்லையப்பா" என்றேன். இனிப் பொய் சொல்வதில்லை. "நிழல் மாதிரி. கீழை இறக்கினது."

கையைக் காட்டி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார். ஒரு அடி எடுத்து வைத்தார். சருகு நொறுங்க மரம் சட்டென்று ஊமையானது. இவரும் அப்படியே நின்றார். நாங்கள் இருவரும் மூச்சு விடவில்லை. முதலில் ஒன்று, பிறகு நாலைந்து, பிறகு மரம் முழுக்கத் தொடங்கியது. இவர் முகத்தில் அது தொடங்குவதை நான் பார்த்தேன். எனக்குக் கேட்ட அதே நேரத்தில் இவருக்கும்.

"நான் நடந்தா நிப்பாட்டுதுகள்!"

மறுபடி ஒரு அடி. மறுபடி நின்றது. மறுபடி தொடங்கியது. வளர்ந்த மனுசன், வயல் புழுதி படிந்த காலோடு, சின்னப்பிள்ளை மாதிரி மரத்தைச் சுற்றி ஒவ்வொரு அடியாய். நான் வயரைப் பிடித்துக்கொண்டு பின்னால். பார்த்தவர்கள் இரண்டு பேருக்கும் விசர் என்றிருப்பார்கள்.

பிறகு வேரில் இருந்துவிட்டார். கண்ணால் தண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை. "ஓடேல்லை இதுகள்" என்றார். "ஒண்டும் என்னை விட்டுட்டு ஓடேல்லை."

பொழுதுபட முதல் சாக்கு வளையிலிருந்து இறங்கியது. கம்பிகளில் துரு. எண்ணெய்ச் சீலையால் ஒவ்வொன்றாய்த் துடைத்தார்.

"பிரேமி, மேடையிலை எனக்குக் கேக்காதது ஏதும் வந்தா நீர் முன்னுக்கு நிண்டு சொல்ல வேணும்."

"நான் சத்தம் போட்டுச் சொன்னாச் சனம் ஓடும்."

"ஒண்டும் இல்லை எண்டாத் தலையை ஆட்டும். அது காணும்."

27.10.2001

பள்ளிக்கூடத்து வாணிவிழா. ஐயாத்துரை அண்ணை முதலில் மாட்டேன் என்றார், வீட்டுக்கு வந்து ஒலிபெருக்கியையே பூட்டிக் கேட்டுவிட்டுத்தான் ஓம் என்றார். "அந்த ஊளை இப்ப இல்லை, நீ வாசி தம்பி."

நான் முன்வரிசையில் நிலத்தில் இருந்தேன். இவர் பெட்டியைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் காது கொடுத்தேன். கூட்டத்தின் மூச்சு, பிள்ளைகளின் குசுகுசு, வேறு ஒன்றுமில்லை. தலையை ஆட்டினேன். அதன் பிறகுதான் கண்ணை மூடினார்.

அலை வந்தது. குளம் நிரம்பின மாதிரி இருந்தது மண்டபம். எனக்குப் பக்கத்தில் இராசேஸ்வரி அக்கா, காலை நீட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி. நான் பாட்டைக் கேட்கவில்லை, சனத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் வானத்தைப் பார்க்கவில்லை. வாசலில் படுத்திருந்த நாய் ஒன்று மட்டும் எழும்பி, காதை ஆட்டி, பெட்டியை ஒருமுறை முறைத்துவிட்டு வெளியே போனது.

02.11.2001

மூன்று நாளாய் மழை. இவர் வயலுக்குப் போகவில்லை. மத்தியானம் கொஞ்சம் விட்டபோது காதுப்பொறியோடு வேம்படிக்குப் போய் நின்றார், ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு. நெடுநேரம் நின்றார்.

உள்ளே வந்து கால் துடைத்தபடி சொன்னார். "பிரேமி, இண்டைக்குச் சில்வண்டு இல்லை."

நான் வேலையைக் கீழே வைத்துவிட்டு வாசலில் போய்க் கேட்டேன். கூரையால் தண்ணீர் சொட்டியது. வேம்பில் ஒன்றுமில்லை, காட்டில் ஒன்றுமில்லை.

"ஓம்" என்றேன். "இல்லை."